எல்லைச் சாவடிக் காவலர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தேவை

ஆசிரியருக்கு,

எளாவூர் போன்ற ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடிகளின் காவலர்களுக்கு வகுப்பறைச் சொற்பொழிவு மட்டும் போதாது. பல கஞ்சா வழக்குகள் தோற்பது நடைமுறைப் பிழைகளால்தான். உடல் சோதனைக்கு முன் பிடிபட்டவரிடம், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரலாம் என்று போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி சொல்ல வேண்டும். தெலுங்கு மட்டுமே தெரிந்தவரிடம் தமிழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால், குறுக்கு விசாரணையில் அதுவே முதல் ஓட்டை. சாலையோரத்திலேயே மாதிரி எடுப்பது பழைய பழக்கம். அச்சட்டத்தின் கீழ் வந்த 2022 மாதிரி எடுப்பு விதிகளின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில், ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் (எல்லா வகையிலும் ஒரே மாதிரியான பொட்டலங்களானால் 40 வரை சேர்த்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும்) 24 கிராம் வீதம் இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் சோதனையை வீடியோ எடுப்பதும் கட்டாயம். விட்டுவிட்டு எடுப்பதும், வீடியோவுடன் நீதிமன்றத்தில் தரும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்-எழுத்துக் குறியீட்டை) எழுதாமல் விடுவதும் வழக்கைக் கெடுக்கின்றன.

ஒரு தடவைக்கு 15 பேர், இரண்டு நாள் போதும். முதல் நாள் நிஜ லாரியில் சோதனை ஒத்திகை; ஆவணங்களையும் அவர்களே எழுதட்டும். மறுநாள் அரசு வழக்கறிஞர் அந்த ஆவணங்களையே குறுக்கு விசாரணை செய்யட்டும். அன்றாடத் தெலுங்கு வாக்கியங்கள் ஐம்பதையும் கற்றுக்கொடுங்கள். மாற்று ஆள் போடாமல் பயிற்சிக்கு அழைத்தால் சாவடி காலியாகும். பணிப்பட்டியலை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி