எந்த 'சார்ஜண்ட் பெப்பர்'?

ஆசிரியருக்கு,

பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பம் பற்றிய உங்கள் கட்டுரை, எந்தப் பதிப்பைக் கேட்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டது. 1967-ல் அது மோனோ (எல்லாம் ஒரே ஒலியாக), ஸ்டீரியோ (இடது, வலது எனப் பிரிந்து) என இரண்டாக வந்தது. இரண்டும் தனித்தனியாக மிக்ஸ் செய்யப்பட்டவை, அதாவது பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்தவை. குழுவினரும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் மெனக்கெட்டது மோனோவுக்குத்தான். ஸ்டீரியோ அவசர வேலை. 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டு மோனோவில் வேகமாக, ஏறக்குறைய அரை சுரம் மேலே ஒலிக்கும்.

அப்போது கையிலிருந்தது நாலு டிராக் டேப் மட்டுமே, அதாவது நாலு தனித் தடங்களில் ஒலியைப் பதியும் நாடா. நாலும் நிரம்பியதும், இன்னொரு டேப்பில் ஒன்றிரண்டு டிராக்காகச் சுருக்கி, மிச்ச இடத்தில் மேற்கொண்டு பதிந்தார்கள். சுருக்கச் சுருக்க இரைச்சல் ஏறும். கலந்ததைப் பிறகு பிரிக்கவும் வழியில்லை. அதனால்தான் பழைய ஸ்டீரியோவில் சில இடங்களில் குரல் ஒரு பக்கம், தாளம் மறுபக்கம் என ஒதுங்கி நிற்கும். ஒற்றைக் காதில் இயர்போன் செருகிக் கேட்டால் பாதிப் பாட்டு போச்சு!

போனில் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்தால் சரியாகிவிடாது. அது ஸ்டீரியோவின் இரு பக்கத்தையும் சேர்த்துக் கொட்டுவதுதான். நடுவில் உள்ளவை தூக்கலாகிவிடும், பாட்டின் வேகமும் மாறாது.

2009 ஸ்டீரியோ சிடி, பழைய மிக்ஸைத் தூசு தட்டியது. 2017-ல் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ், சுருக்குவதற்கு முந்தைய டேப்புகளுக்கே போய்ப் புதிதாக மிக்ஸ் செய்தார். ஹெட்போனுக்கு அது போதும். ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் 2009 மோனோ சிடியைத் தேடுங்கள். 'லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்' பாட்டில் குரல் அலையலையாய்ச் சுழல்வது அதில் முழுசாகக் கிடைக்கும்.

- ஒரு வாசகர், திருச்சி