மகதலேனா மரியாள் மேல் விழுந்த பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசுவைப் பின்பற்றிய பெண்களில் ஒருவரான மகதலேனா மரியாள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். அவர் பிரான்சின் தென்கரையில் பாயும் துடுப்பும் இல்லாத படகில் வந்து இறங்கியதையும், மலைக்குகை ஒன்றில் முப்பது ஆண்டுகள் தவமிருந்ததையும் கட்டுரையாளர் ‘மரபுக்கதை’ என்று சரியாகவே குறித்திருக்கிறார். ஆனால் அவர் விலைமாதாக வாழ்ந்து மனந்திரும்பியவர் என்பதை மட்டும் வரலாறாகவே எழுதிவிட்டார். அதுவும் மரபுக்கதைதான்; படகுக் கதையைவிடப் பழையது, அவ்வளவே.

லூக்கா நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், பரிசேயனாகிய (யூதச் சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பிரிவைச் சேர்ந்தவராகிய) சீமோனின் வீட்டு விருந்தில், இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தலைமயிரால் துடைத்த பெண்ணுக்குப் பெயரே இல்லை. ‘பாவியாகிய ஒரு ஸ்திரீ’ என்பதோடு சரி. என்ன பாவம் என்றும் சொல்லப்படவில்லை. யோவான் 12ஆம் அதிகாரத்தில் பெத்தானியாவில் தைலம் பூசுகிறவர் லாசருவின் சகோதரி மரியாள். மகதலேனாளோ லூக்கா 8ஆம் அதிகாரத் தொடக்கத்தில் புதியவராக அறிமுகமாகிறார். ஏழு பிசாசுகள் நீங்கப்பெற்ற அவர், யோவன்னாள், சூசன்னாள் முதலிய பெண்களோடு ‘தங்கள் ஆஸ்திகளால்’ இயேசுவுக்கு ஊழியம் செய்தவர், அதாவது கையில் பொருள் உடையவர். பிசாசுகள் நீங்கியதை லூக்கா அங்கே வியாதிகள் நீங்கியதோடு சேர்த்துச் சொல்கிறாரே தவிர, ஒழுக்கக்கேட்டோடு சேர்த்தல்ல.

இந்த மூவரையும் ஒருவராக்கி மேற்குலகில் நிலைநிறுத்தியது, 591இல் போப் முதலாம் கிரகோரியார் ரோமில் ஆற்றிய மறையுரை. ஏழு பிசாசுகளை அவர் தீய குணங்கள் அனைத்துக்கும் அடையாளமாக்கினார். சீமோன் வீட்டுக்கு வந்த அந்தப் பெண் கொண்டுவந்த தைலம் முன்பு தன் உடலை மணக்கச் செய்யப் பயன்படுத்தியது என்றும் விளக்கினார். முந்தைய போப்பையே கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்திருந்த நகரத்துக்கு மனந்திரும்புதலைப் போதிக்க அவருக்கு ஓர் உருவம் தேவைப்பட்டிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். பழி சுமத்தும் நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இக்கலப்பை ஏற்கவே இல்லை. மேற்கிலும் 16ஆம் நூற்றாண்டில் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சு அறிஞர் மூவரும் வேறு வேறு என்று எழுதி, பாரிஸ் இறையியலாளர்களின் கண்டனத்துக்கு ஆளானார். கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது இக்கலப்பைக் கைவிட்டது. 2016இல் மகதலேனாளுக்குரிய ஜூலை 22ஆம் நாள் நினைவை, அப்போஸ்தலர்களுக்குரிய விழாக்களின் நிலைக்கு உயர்த்தியது.

நான்கு நற்செய்தி நூல்களும் ஒருமித்துச் சொல்வது ஒன்றுண்டு: வெறுமையான கல்லறையிடம் சென்ற பெண்களில் மகதலேனாள் இருந்தார். உயிர்த்தவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிப் பேசி, பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும் ‘ரபூனி’ (போதகரே) என்று திரும்பிய காட்சியைப் போன்று உருக்கமான இன்னொன்று யோவானில் இல்லை. இரண்டு பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரே வரிதான் கிடைத்திருக்கிறது.

கட்டுரையோடு படமாக அச்சிடப்பட்ட, இத்தாலியச் சிற்பி தொனாத்தெல்லோவின் மரச்சிற்பம் பற்றியும் ஒரு சொல். எலும்பும் தோலுமாய், கூந்தலையே ஆடையாகக் கொண்டு நிற்கும் அந்த உருவம் எனக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் அந்தக் கோலம் யோர்தானுக்கு அப்பால் பாலைவனத்தில் 47 ஆண்டுகள் தவமிருந்ததாகச் சொல்லப்படும் எகிப்து மரியாள் என்ற வேறொரு புனிதரின் கதையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. படத்தின் கீழே ‘தவக்கோலத்தில் மகதலேனா’ என்று மட்டும் போட்டிருப்பதற்கு மாறாக, இதையும் ஒரு வரியில் அடுத்த இதழில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை