ஓட்டு வீணாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியத் தமிழர்கள் சுயேச்சைகளுக்கு ஓட்டுப் போட்டால் ஓட்டுப் பிரிந்து, வேண்டாதவர் ஜெயித்துவிடுவார் என்று போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு மாதமாக நானும் இதே பேச்சைத்தான் கேட்டு வருகிறேன். எங்கள் தொகுதியில் ஒரு பெண்மணி நாடாளுமன்றத்துக்கு நிற்கப்போவதாக அறிவித்ததிலிருந்து ஆரம்பித்த பேச்சு இது.

அவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். கார் ஓட்ட முடியாத நோயாளிகளைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தன் வண்டியில் நகரத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். நான் வேலை பார்த்த வார்டின் சுவரில் அவருடைய எண் ஒட்டியிருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்.

"இவ்வளவு நல்லவருக்கு அரசியல் எதற்கு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். பண்ணையில் வேலை பார்க்கும் நம் தம்பி ஒருவரின் மனைவிக்கு விசா வரவில்லை. இந்த அம்மா பதினோரு கடிதம் எழுதினார். பதினோரு தடவையும் வரி மாறாமல் ஒரே பதில். குடியேற்றம், மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு, தொலைத்தொடர்பு எல்லாமே தலைநகர் கான்பெராவில் முடிவாகிறவை. வண்டி ஓட்டுவதும் கடிதம் எழுதுவதும் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்த்த பிறகுதான் அவர் இதில் இறங்கினார்.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அரசியல் சாசனத்தின் 44-ஆம் பிரிவுப்படி இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வேட்பாளராக முடியாது. 2017-இல் இந்தச் சிக்கலில் பல உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். இவர் பிரிட்டனில் பிறந்தவர். அப்பா அம்மாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அந்தக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

சரி, ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் நாம் ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள், அதனால்தான் இந்தப் பயம். இங்கே நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு ஓட்டுப் போடும்போது எல்லாப் பெயருக்கும் எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். நீங்கள் முதலில் எழுதியவர் எண்ணிக்கையில் கடைசியாகி வெளியேறினால், உங்கள் சீட்டு நீங்கள் அடுத்ததாக எழுதியவருக்குப் போய்ச் சேரும். ஓட்டு எங்கேயும் தொலைவதில்லை.

2013-இல் நான் விக்டோரியாவின் வாங்கராட்டா என்ற ஊரில் இருந்தேன். அது இண்டி தொகுதி, லிபரல் கட்சியின் கோட்டை. கேத்தி மெக்கோவன் சுயேச்சையாக நின்றார். முதல் விருப்ப வாக்குகளில் அவர் பின்தங்கித்தான் இருந்தார். மற்றவர்களின் விருப்ப வாக்குகள் வந்து சேர்ந்து 439 ஓட்டில் ஜெயித்தார். 2016-இலும் ஜெயித்தார். 2019-இல் அவர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்த ஹெலன் ஹெய்ன்ஸும் சுயேச்சைதான்.

ஆனால் எனக்கு அந்த எண்களை விட, அதற்கு முன் நடந்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. வேட்பாளர் யார் என்று முடிவாவதற்கு முன்பே தொகுதி முழுக்க வீட்டுச் சமையலறை மேசைகளில் பத்துப் பத்துப் பேராகக் கூடிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, ஒருவர் குறிப்பெடுப்பார். பக்கத்து வீட்டம்மா என்னையும் கூட்டிப்போனார். அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. என் ஆங்கிலத்தை நினைத்துக் கூச்சம். அப்புறம், இரவுப் பணிக்குப் போகும் வழியில் இருபது நிமிடம் போனில் சிக்னலே இருக்காது, வண்டி நின்றுபோனால் என்ன செய்வேன் என்று பயந்துகொண்டே ஓட்டுவேன் என்றேன். குறிப்பெடுத்த பெண் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறேன்" என்றார். இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒருவர் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது நான் வேறு தொகுதிக்குக் குடிவந்துவிட்டேன். இங்கே இந்த அம்மாவும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறார். போஸ்டர் இன்னும் அடிக்கவில்லை. சுயேச்சையாக நிற்க 100 வாக்காளர்களின் முன்மொழிவும் 2,000 டாலர் வைப்புத் தொகையும் வேண்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். முதலில் அறுபது மேசைகள் வேண்டும் என்கிறார். போன ஞாயிறு வரை முப்பத்து நான்கு சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்றுகூடத் தமிழ் வீடு இல்லை.

அவருக்கே ஓட்டுப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கட்சிக்காரர்களும் வரலாம். வயதான அம்மாக்களும், ஆங்கிலம் வராதவர்களும் வரட்டும், தமிழிலேயே பேசட்டும், சொன்ன வார்த்தையிலேயே நான் எழுதிக்கொள்கிறேன். முப்பத்தைந்தாவது மேசை என் வீட்டில், வருகிற வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு. எட்டு நாற்காலி இருக்கிறது, பக்கத்து வீட்டில் இன்னும் நான்கு கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விக்டோரியா, ஆஸ்திரேலியா