இறங்கும்போது அடிப்பது பேட்டரி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், மாநில எல்லையை ஒட்டிய கோபாலபுரத்தில் வாகன மின்பழுது பார்க்கும் பட்டறை நடத்தி வருகிறேன். மழை ஓய்ந்து, கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கி வறண்ட காற்று வீசத் தொடங்கும் மார்கழி, தை மாதங்களில், "வண்டியில் கரண்ட் அடிக்கிறது, எங்கோ வயர் உரசுகிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

சென்ற தை மாதம் எல்லைக்கு அப்பாலுள்ள பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். இறங்கிக் கதவைச் சாத்தும்போதெல்லாம் விரல் நுனியில் சுள்ளென்று அடிக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு, வேறொரு பட்டறையில் பேட்டரியையும் எர்த் கேபிளையும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். காரின் பேட்டரி 12 வோல்ட். உலர்ந்த கையில் அது உறைக்கவே உறைக்காது. மண்ணில் அடித்த கம்பிக்கும் கதவுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. இருக்கையில் புசுபுசுவென்று புதிய நைலான் உறை, அவர் மேலே பாலியஸ்டர் சட்டை. தோளில் கிடந்த பருத்தித் துண்டை இருக்கையில் முதுகுவரை விரித்து, மீனாட்சிபுரம் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்து இறங்கியவர், கதவைத் தயங்கித் தயங்கித் தொட்டுவிட்டுச் சிரித்தார். அன்று அவரிடம் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு வேறு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் இடம் மாறுகிறது. வண்டி ஓடும்போது டயருக்கும் சாலைக்கும் இடையே இது இடைவிடாமல் நடக்கிறது என்றாலும், டயர் ரப்பரில் கலந்துள்ள கரித்தூள் ஓரளவு மின்சாரத்தைக் கடத்துவதால், வண்டி நின்றவுடன் பாடியில் சேர்ந்தது பெரும்பாலும் விரைவில் தரைக்கு இறங்கிவிடுகிறது. நம்மை அடிப்பது நம் உடம்பில் ஏறியதுதான். இருக்கையோடு உரசியிருந்த உடை எழும்போது பிரிய, ரப்பர் செருப்போடு தரையில் நிற்கும் உடம்பில் சில ஆயிரம் வோல்ட் தங்கி, கதவின் இரும்பைத் தொட்டதும் பொறியாகத் தாவுகிறது. 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நமக்குத் தெரிவதுகூட இல்லை. ஈரக்காற்று இதைக் கசியவிட்டுவிடும் என்பதால்தான் அதே கார் கொச்சிக்குப் போனால் அடிப்பதில்லை. உட்கார்ந்தபடியே கதவுச் சட்டத்தின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, பிடியை விடாமல் காலைத் தரையில் ஊன்றி இறங்கினால் தீர்ந்தது, செலவு ஏதுமில்லை.

இந்த மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்குவதற்கென்று லாரியின் பின்னால் தரையில் இழுபடவிடும் சங்கிலியைப் பற்றியும் கேட்கிறார்கள். தார்ச்சாலை மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதில்லை; சங்கிலியோ துள்ளிக்கொண்டே வருகிறது. டேங்கர் லாரிக்கு உண்மையான காவல், கிடங்கில் குழாயை மாட்டுவதற்கு முன்பே கிளிப் போட்டு இணைக்கும் எர்த் வயர்தான்.

இதை விரல் சுடும் தொல்லையாக மட்டும் எழுதவில்லை. பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால், அது தீப்பற்ற ஒரு மில்லி ஜூலில் ஏறத்தாழ கால் பங்கு ஆற்றல் போதும். 5,000 வோல்ட் ஏறிய மனித உடம்பு விடும் பொறியில் ஒரு மில்லி ஜூலுக்கு மேலேயே இருக்கும். அமெரிக்காவில் பங்க் தீவிபத்துகளை ஆராய்ந்த பெட்ரோலியக் கருவித் துறையின் அமைப்பு, கைப்பேசியால் மூண்டதென்று உறுதியான ஒன்றைக்கூடக் காணவில்லை. பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்கும்போதே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, மீண்டும் இறங்கி வந்து நாசிலைத் தொட்டதே பல தீவிபத்துகளுக்குக் காரணம் என்று கண்டது. நம் பங்குகளிலோ கைப்பேசியை எடுத்தால் அதட்டுகிறார்கள். மீட்டர் பார்க்க இறங்கி, பணம் எடுக்க ஏறி, மறுபடி இறங்கி டேங்க் மூடியில் கைவைப்பவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கேரளத்தைவிட இங்கே பெட்ரோல் விலை குறைவு என்பதால், அக்கரையினர் கன்னாஸ் என்று சொல்லும் பிளாஸ்டிக் கேனோடு வருவதும் அன்றாடக் காட்சி. கேனில் பெட்ரோல் தருவது சரியா என்பது தனிப் பேச்சு. ஆனால் தருகிறவர்கள், ஸ்கூட்டரின் கால்மிதியில் ரப்பர் விரிப்பின் மேல் கேனை வைத்தபடியே நிரப்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குழாயில் பாயும் பெட்ரோலிலும் மின்னூட்டம் சேரும். ரப்பர் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து அது இறங்க வழியில்லை. கேனைத் தரையில் வைத்து, நாசில் அதன் வாயைத் தொட்டபடி இருக்க மெதுவாக நிரப்பச் சொல்லி, எல்லையின் இருபுறமுள்ள பங்க் உரிமையாளர்களும் மார்கழிக் காற்றுக்கு முன்பே தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வைக்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன மின்பழுது பார்ப்பவர்,
கோபாலபுரம், பொள்ளாச்சி.