ஸ்விட்சை யாரும் தொடவில்லை

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இனிமேல் பூதக்கண்ணாடி இல்லாமல் சால்டரிங் செய்வாய் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் வரவில்லை. கையும் லேசாக நடுங்குகிறது. மற்றபடி சுகம்.

உன் சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே நகர்ந்து வெட்டும் மெஷின்) வேலை நடுவில் 'அலாரம் 1', அதாவது லிமிட் ஸ்விட்ச் அழுந்திவிட்டது, என்று நின்றுவிடுகிறது, ஆனால் அச்சின் முனையில் இருக்கும் அந்த ஸ்விட்ச் பக்கம் யாரும் போகவே இல்லை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் இதே வார்த்தையை நான் வீட்டில் சொன்னேன். "அப்போ பேய்தான் தொட்டிருக்கும்" என்று பதில் வந்தது.

நான் செய்த முதல் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், நீயும் அதையே செய்யாமல் இருக்க. ஜிஆர்பிஎல்லில் (ஆர்டுயினோ போர்டில் ஓடி மெஷினை நகர்த்தும் சாஃப்ட்வேர்) $26 என்ற அமைப்பில் டிபவுன்ஸ் (ஸ்விட்சின் துள்ளல் அடங்கக் காத்திருக்கும் நேரம்) என்று பார்த்ததும், இதுதான் மருந்து என்று 250 மில்லிசெகண்டை 500 ஆக்கினேன், அப்புறம் 1000. ஒரு மாற்றமும் இல்லை. அந்த எண் ஹோமிங்குக்கு (மெஷின் ஸ்விட்சைத் தொட்டுத் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) மட்டும்தான். ஹார்டு லிமிட்டுக்கும் (ஓடும்போது ஸ்விட்ச் அழுந்தினால் மெஷினை நிறுத்தும் காவல்) அதற்கும் சம்பந்தமே கிடையாது. அது தெரியவே இரண்டு மாலைகள் போயின.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. ஸ்பிண்டிலை (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) அணைத்துவிட்டு, அதே புரோகிராமை வெறும் காற்றில் ஓடவிட்டேன். முழுசாக ஓடி முடித்தது. அடுத்து, மெஷினைச் சும்மா நிற்கவைத்து ஸ்பிண்டிலை மட்டும் போட்டேன். சில விநாடிகளில் அலாரம். பேய் யாரென்று தெரிந்துவிட்டது.

என் ஸ்விட்சுகளை நார்மலி ஓப்பனாக (அழுத்தினால் மட்டும் இணைப்பு சேரும் முறை) இணைத்திருந்தேன். அழுத்தாதபோது அந்தக் கம்பி எதோடும் சேராமல் தொங்குகிறது. அதை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பது ஆர்டுயினோ சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் மட்டும். அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோ ஓம். பிடி ரொம்பத் தளர்வு. கம்பியோ ஒரு மீட்டருக்கு மேல் நீளம், அதுவும் ஸ்பிண்டில் கேபிளோடு ஒரே கேபிள் செயினில். ஏரியல் கட்டி வைத்த மாதிரிதான். போதாக்குறைக்கு, ஜிஆர்பிஎல் சாதாரணமாக அந்தக் கம்பி வந்து சேரும் ஆர்டுயினோ பின்னில் ஒரு அசைவு வந்ததுமே நிறுத்திவிடும், உண்மையிலேயே அழுந்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காது. கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போகிற மின்சார இரைச்சலே போதும்.

அதனால் எல்லாவற்றையும் நார்மலி குளோஸ்டாக (அழுத்தினால் இணைப்பு விடும் முறை) மாற்றினேன். ஒரு அச்சின் இரண்டு முனை ஸ்விட்சுகளும் சீரியஸில், அதாவது ஒரே கம்பியில் ஒன்றன் பின் ஒன்றாக. இப்போது கம்பி எப்போதும் கிரவுண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இரைச்சல் அதை அசைப்பது கஷ்டம். எனக்கு இதைவிடப் பிடித்த காரணம் இன்னொன்று: கம்பி அறுந்தால் உடனே தெரியும். பழைய முறையில் சால்டர் விட்டுப்போனாலும் மெஷின் வாயைத் திறக்காது, கேன்ட்ரி (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாலம்) போய் முட்டும்போதுதான் தெரியும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டிருக்கிறேன், போதும். கூடவே பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஸ்விட்ச் கம்பியை ஸ்பிண்டில் கேபிளிலிருந்து பிரித்துத் தனி வழியில் கொண்டுபோனேன். ஷீல்டு கேபிள் போட்டால் அதன் உறையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு செய்.

மாற்றியதும் ஜிஆர்பிஎல்லில் $5=1 (அழுந்தியது, அழுந்தாதது என்பதைத் தலைகீழாகப் படிக்கவைக்கும் அமைப்பு) கொடுக்க மறக்காதே. இங்கே எனக்கு இன்னொரு கூத்து நடந்தது. அந்த அமைப்பு மூன்று அச்சுகளின் லிமிட் பின்களையும் ஒன்றாகத் தலைகீழாக்கிவிடும். இசட்டுக்கு (மேலும் கீழும் போகும் அச்சு) நான் ஸ்விட்சே போடவில்லை, ஆனால் இசட் அழுந்தியிருக்கிறது என்று மெஷின் சாதித்தது! அந்தப் பின்னை ஒரு சின்ன கம்பியால் கிரவுண்டோடு சேர்த்த பிறகுதான் அடங்கியது.

இசட்டுக்கு ஸ்விட்ச் போடுகிறாய் என்றால், சிஎன்சி ஷீல்டில் (ஆர்டுயினோ மேல் மாட்டும் போர்டு) அச்சடித்திருப்பதை அப்படியே நம்பாதே. பழைய ஷீல்டுகளில் இசட் என்று போட்டிருப்பது 11-ஆம் பின்னுக்குப் போகிறது. ஜிஆர்பிஎல் 0.9 பதிப்பிலிருந்து 11-ஐ ஸ்பிண்டில் வேகத்துக்குக் கொடுத்துவிட்டு, இசட் லிமிட்டை 12-க்கு மாற்றிவிட்டார்கள். அதாவது ஸ்பிண்டில் எனேபிள் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் மாட்ட வேண்டும். நார்மலி குளோஸ்டு ஸ்விட்சைத் தப்பான இடத்தில் மாட்டினால், ஸ்பிண்டில் வேகம் அனுப்பும் பின்னை நேராக கிரவுண்டில் ஷார்ட் செய்கிறாய்.

உன் மெஷினில் முதலில் கரண்ட்டை எடுத்துவிட்டு, மல்ட்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து ஒவ்வொரு ஸ்விட்சையும் பார். அழுத்தாமல் பீப் வந்து, அழுத்தியதும் நின்றால் அது நார்மலி குளோஸ்டு. அப்புறம் கரண்ட் கொடுத்து, ஒரு ஸ்விட்சை விரலால் அழுத்திக்கொண்டு கம்ப்யூட்டரிலிருந்து ஜிஆர்பிஎல்லுக்குக் கேள்விக்குறி (?) அனுப்பு, அது தன் நிலையைச் சொல்லும். அழுந்திய அச்சின் எழுத்து பதிலில் வர வேண்டும், விரலை எடுத்தால் போய்விட வேண்டும். ஹார்டு லிமிட் அலாரமாக்கித் தொந்தரவு செய்தால், இந்தச் சோதனை முடியும்வரை $21=0 (ஹார்டு லிமிட்டை அணைக்கும் அமைப்பு) வைத்துக்கொள். இது சரியாக வராமல் ஹோமிங் பக்கம் போகாதே. முதல் ஹோமிங்கில், வண்டி முனைக்கு வருவதற்கு முன்பே நீயே ஸ்விட்சை அழுத்திப் பார், நிற்கிறதா என்று. ஒரு கை ரீசெட்டில் இருக்கட்டும்.

ஸ்பிண்டில் ஓடாதபோதும் அலாரம் வந்தால் கதை வேறு. கனெக்டர், லூஸ் கிரிம்ப், அந்தப் பக்கம் தேட வேண்டியிருக்கும். அதனால் ஸ்பிண்டில் இல்லாமல் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, என்ன நடந்தது, கேள்விக்குறிக்கு என்ன பதில் வந்தது என்று அப்படியே எழுதி அனுப்பு. ஸ்விட்ச் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று ஒரு போட்டோவும் வை.

அன்புடன்,
உன் பழைய சகா