சிறு என்ஜின்களுக்கு ஆயில் ஃபில்டர்: மரையைப் பார்த்து வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களையெடுக்கும் பவர் வீடர், புல்வெட்டி, பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்ப், சிறிய ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு ஆயில் ஃபில்டர் கேட்டுக் கடைக்குச் செல்பவர்களிடம், உருவத்தில் ஒத்திருக்கும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும் வழக்கம் குறித்து எழுத விரும்புகிறேன்.

முதலில், அந்த என்ஜினில் ஆயில் ஃபில்டர் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 போன்ற ஒற்றை சிலிண்டர் என்ஜின்களில் ஆயிலை வாரியிறைத்தே உள்பாகங்கள் நனைக்கப்படுவதால், அவற்றில் ஆயில் பம்பும் இல்லை, ஆயில் ஃபில்டரும் இல்லை. அழுக்கு ஆயிலிலேயே தங்குவதால், முதல் 20 மணி நேர ஓட்டத்திலும், பின்னர் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயிலை மாற்றுவதே அவற்றுக்கான பராமரிப்பு. பெட்ரோலுடன் ஆயிலைக் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் புல்வெட்டிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது.

மைதானங்களில் ஓட்டும், உட்கார்ந்து செலுத்தும் பெரிய புல்வெட்டிகளின் இரட்டை சிலிண்டர் என்ஜின்களில்தான் பெரும்பாலும் திருகிப் பொருத்தும் ஃபில்டர் உண்டு, சிக்கலும் அங்கேதான். கோலர், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ஜின்கள் பலவற்றில் ஃபில்டரைத் திருகும் மரையின் விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர், உருவத்தில் ஒத்திருக்கும் ஹோண்டா கார்களின் ஃபில்டரிலோ மரை 20 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 20 மில்லிமீட்டர் ஃபில்டரை முக்கால் அங்குல மரையில் திருகினால் தளர்வாக ஏறி, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட்டும் படிந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆயில் அழுத்தம் ஏறியதும் அது கழன்று விழுந்து, சில நொடிகளில் ஆயில் முழுவதும் வெளியேறி, என்ஜின் இறுகி நின்றுவிடக்கூடும்.

மரை பொருந்தினாலும் போதாது. ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டும் காகிதம் அடைபட்டால் ஆயிலை வடிகட்டாமல் நேரே அனுப்பும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தமும், நிறுத்திய பின் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வின் தேவையும் என்ஜினுக்கு என்ஜின் மாறும். பெட்டியின் பளபளப்பு இவற்றுள் எதையும் சொல்லாது. ஆகவே என்ஜின் மீதுள்ள மாடல் எண்ணைக் காட்டி, தயாரிப்பாளரின் கையேட்டில் குறித்துள்ள ஃபில்டர் எண்ணையே கேட்டு வாங்குவது நல்லது. பழைய கேஸ்கட் என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் மாற்றும்போது பார்த்துவிட வேண்டும்.

மானியத்தில் பவர் வீடர் வழங்கும் வேளாண்மைப் பொறியியல் துறை, அந்த என்ஜினுக்கு ஃபில்டர் உண்டா, எந்த ஆயில், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு உடன் தர வேண்டும். ஃபில்டர் விற்கும் நிறுவனங்களும் மரை அளவைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் குறிப்பிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி.