நிமிடத்துக்கு ஒரு ஃபோட்டான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காமாக் கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 'தொலைநோக்கி படம் எடுத்து அனுப்புகிறது, விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள்' என்ற வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல்கலைக்கழகக் குழுக்கள் வருடக்கணக்கில் செய்யும் வேலை அந்த 'ஆராய்கிறார்கள்' என்ற ஒரு சொல்லில் அமுங்கிவிட்டது. மாணவனாக இரண்டு வருடம் அப்படி ஒரு குழுவில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

காமாக் கதிரை லென்ஸ் வைத்தோ ஆடி வைத்தோ குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் ஃபெர்மியின் முக்கியக் கருவிக்குள் மெல்லிய டங்ஸ்டன் தகடுகளை அடுக்கியிருக்கிறார்கள். தகட்டில் படும் கதிர் ஒரு எலெக்ட்ரானாகவும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானாகவும் மாறும். இடையில் இருக்கும் சிலிக்கான் அடுக்குகளில் அவற்றின் தடம் கவட்டைக் குச்சி மாதிரி இரண்டாகப் பிரிந்து பதியும். அந்தக் கவட்டையை வைத்துத்தான் கதிர் வந்த திசையைக் கணக்கிட வேண்டும். அதுவும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும், அதாவது ஒவ்வொரு ஒளித்துகளுக்கும், தனித்தனியாக.

சிடிஏ 1 என்ற சூப்பர்நோவா எச்சத்துக்குள், அதாவது வெடித்த நட்சத்திரத்தின் மிச்சத்துக்குள், ஒரு பல்சர் இருக்கிறது. பல்சர் என்றால் சுழலச் சுழலத் துடிப்பு துடிப்பாகக் கதிர் வீசும் நட்சத்திரம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் சுழல்கிறது. அங்கிருந்து ஃபெர்மிக்குக் கிடைப்பதோ நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரே ஒரு ஃபோட்டான். அடுத்தது வருவதற்குள் அந்த நட்சத்திரம் 190 சுற்று போல முடித்திருக்கும்! அப்படியும் ஃபெர்மி ஏவப்பட்ட 2008-ஆம் ஆண்டிலேயே அதன் துடிப்பு பிடிபட்டது. ஃபோட்டான்கள் வந்த நேரங்களுக்கு இடையிலான வித்தியாசங்களை வைத்துத் தேடும் கணக்கு முறையை, சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஏவுவதற்கு முன்பே தயாராக வைத்திருந்தார்கள். அப்புறம் எப்படி இதைப் படம் எடுப்பது என்று சொல்வது?

இன்னொன்றும் விடுபட்டுவிட்டது. 2009-லிருந்து அந்தக் கருவியின் ஃபோட்டான் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நம் பால்வீதியின் மையத்துக்கு மேலும் கீழுமாக, மொத்தம் 50,000 ஒளியாண்டு நீளத்துக்கு காமாக் கதிர் வீசியபடி எழும்பி நிற்கும் இரண்டு 'ஃபெர்மி குமிழிகள்' 2010-ல் தெரியவந்தது அந்தப் பொதுத் தரவிலிருந்துதான். கண்டுபிடித்தது ஹார்வர்டில் வானியலாளர் டக் ஃபிங்க்பைனரின் சிறிய குழு. அதில் ஆராய்ச்சி மாணவரும் இருந்தார்.

உங்கள் கட்டுரையைப் படித்த இயற்பியல் மாணவி யாருக்காவது, அதே தரவைத் தானும் இறக்கிப் பார்க்கலாம் என்று தெரிந்திருக்காது. அடுத்த இதழில் இரண்டு வரியாவது அதைப் பற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்